ஆரஞ்சுக் கொடி கட்டிய சைக்கிள்

எச்.ஐ.வி. சேவைகளுக்கு நிதி திரட்ட அமெரிக்காவில் நடந்த எய்ட்ஸ்/லைஃப்சைக்கிள் என்ற சைக்கிள் பயணத்தில் யாராவது கலந்துகொண்டிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி ஏழு நாளில் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர வேண்டியிருந்தது. 545 மைல், கிட்டத்தட்ட 877 கிலோமீட்டர். நான் சைக்கிள் ஓட்டவில்லை, ரோடியாகப் போனேன். சாப்பாடு, தண்ணீர், மூட்டை முடிச்சு எல்லாம் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்கள் நாங்கள். எனக்கு ஓய்விடத்தில் தண்ணீர் நிரப்பும் வேலை.

மூன்றாம் நாள் கிங் சிட்டி தாண்டியதும் குவாட்பஸ்டர் என்ற பொல்லாத ஏற்றம் வந்தது. அதை ஏறி வந்த பெரியவர் ஒருவரின் சைக்கிளில் ஆரஞ்சுக் கொடி. எச்.ஐ.வி. உள்ளவர்களின் குழுவான பாசிட்டிவ் பெடலர்ஸ் கொடி அது. பாட்டிலை நீட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தார். தொற்று தெரிந்தது 80-களில். இரண்டு வருடம் தாண்டினாலே பெரிது என்றாராம் டாக்டர். 1996 வாக்கில் கூட்டு மருந்துச் சிகிச்சை வரும்வரை இவர் தாக்குப்பிடித்துவிட்டார். கூடத் தங்கியிருந்த நண்பர்கள் யாரும் மிஞ்சவில்லை. இப்போது தினம் ஒரு மாத்திரை. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியே இருக்கிறது. அந்த நிலையில் உடலுறவு மூலம் யாருக்கும் தொற்றாது. இதையெல்லாம் சர்க்கரை அளவைச் சொல்வது போல, பின்னால் நிற்பவர்கள் காதிலும் விழும்படி சொன்னார்.

நான் அசந்துபோனது அதில்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986-ல், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். இத்தனை காலம் ஆகியும் நம் வீடுகளில் அந்தப் பேச்சை எடுக்கவே தயங்குகிறோம். நிதி கேட்டபோதே பார்த்தேன். புற்றுநோய் என்றால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிற தமிழ் நண்பர்கள், “இதுக்கு எதுக்கு நீ போறே?” என்றார்கள். உட்கார்ந்து விளக்கினேன். பாதிப் பேர் கொடுத்தார்கள், மீதிப் பேரை நான் விடுவதாக இல்லை. அந்தப் பணத்தைக் கொண்டு சான் பிரான்சிஸ்கோ எய்ட்ஸ் ஃபவுண்டேஷனும் லாஸ் ஏஞ்சல்ஸ் எல்ஜிபிடி சென்டரும் பரிசோதனை, தடுப்பு மாத்திரை, சிகிச்சை என்று நடத்தினார்கள்.

*

மேலே எழுதிய ரோடிக்கு: அதே பயணத்தில் சைக்கிள் ஓட்டியவன் நான். குவாட்பஸ்டர் பற்றி எழுதிவிட்டு பிராட்லி ஊரை விட்டுவிட்டீர்களே! மூன்றாம் நாள் மதியம் அந்தக் குட்டி ஊர்ப் பள்ளியில் பெற்றோர்களே பர்கர் சுட்டு விற்றார்கள். வந்த பணம் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. அடுப்படியில் நின்ற ஒரு தாத்தா, என் கொடியைப் பார்த்துவிட்டு (ஆமாம், எனக்கும் ஆரஞ்சுதான்), “நல்லா சாப்பிடு, இன்னும் பாசோ ரோபிள்ஸ் வரை போகணும்” என்று இன்னொன்றையும் தட்டில் வைத்தார். காசு வாங்கவில்லை. நான் விடாமல் உண்டியலில் போட்டேன்.

ஆள் குறைந்து செலவு ஏறியதால் 2025 ஜூனோடு பயணத்தை நிறுத்திவிட்டார்கள். எங்கள் அணியில் சிலர் இப்போது பர்கர் சாப்பிடாமலே அந்தப் பள்ளிக்குப் பணம் அனுப்புகிறோம்.