சர்வர் படுத்தால் யாருக்குப் போன் போடுவது? கட்டற்ற மென்பொருளை நம்பித் தொழில் நடத்தலாமா?

கேள்வி

எங்கள் நிறுவனத்தில் நாற்பது பேர். சரக்கு இருப்பு, பில் எல்லாவற்றையும் கட்டற்ற மென்பொருளுக்கு, அதாவது மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் விடுகிற லினக்ஸ் (இயங்குதளம்), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) பக்கம் மாற்றலாம் என்று சொன்னேன். முதலாளி கேட்டது ஒன்றுதான்: "மாதக் கடைசியில் சர்வர் படுத்துவிட்டால் யாருக்குப் போன் போடுவது?" என்னிடம் பதில் இல்லை. இதை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

உங்கள் முதலாளி கேட்டது சரியான கேள்வி. இலவசம் என்பது மென்பொருளுக்குத்தான், ஆதரவுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். ரெட் ஹேட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளுக்கெல்லாம் அந்தந்த நிறுவனமே சந்தா விற்கிறது. போஸ்ட்கிரெஸ் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை, ஆனால் அதற்கு ஆதரவு தரும் நிறுவனங்களின் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது.

எங்களுக்கு ஒருமுறை நடு ராத்திரியில் டிஸ்க் நிறைந்து டேட்டாபேஸ் நின்றுவிட்டது. எப்போதோ வைத்திருந்த நகல் சர்வரைக் கழற்றியவர்கள் அதன் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை, அதாவது அந்த நகல் எதுவரை வாங்கிக்கொண்டது என்று குறித்து வைக்கும் பதிவை, நீக்கவில்லை, அதனால் மாற்றங்களை எழுதி வைக்கும் பழைய வால் (WAL) ஃபைல்கள் போகாமல் குவிந்துகொண்டே இருந்திருக்கின்றன. இடம் வேண்டுமே என்று அவற்றை அழிக்கப் போனேன். ஆதரவுக்காரர் போனை எடுத்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அந்த ஃபோல்டரில் எதையும் தொடாதீர்கள்." டிஸ்க்கைக் கொஞ்சம் பெரிதாக்கி, டேட்டாபேஸை எழுப்பி, ஸ்லாட்டை நீக்கினோம், செக்பாயிண்ட் (மாற்றங்களை டேட்டா ஃபைலில் சேர்த்துவிடும் வேலை) ஓடியதும் இடம் தானாகக் காலியானது. அன்று நான் அழித்திருந்தால் டேட்டாவே போயிருக்கும். அந்த ஒரு போனுக்காகவே வருடா வருடம் சந்தா கட்டுகிறேன்.

பதில் 2

தரத்தைப் பற்றியும் யோசியுங்கள். கட்டற்றது என்பதாலேயே நல்லது என்றோ மட்டம் என்றோ சொல்ல முடியாது, யார் பராமரிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சின்ன நூலகத்தில் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) பின்கதவு ஒன்று, அதாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி, சிக்கியது. அந்த நூலகத்தைப் பெரும்பாலும் ஒரே ஆள்தான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவ வந்தவர்போல் இரண்டு வருடத்துக்கு மேல் பழகி நம்பிக்கை பெற்ற இன்னொருவர் அதில் விஷத்தைக் கலந்துவிட்டார். கண்டுபிடித்தவர் ஆன்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டெவலப்பர்தான். எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று தோண்டிப் போயிருக்கிறார். மூல நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் அவ்வளவு தூரம் போக முடிந்தது. நீங்கள் நம்பியிருக்கும் சின்னச் சின்ன நூலகங்களுக்கும் சேர்த்துத் திருத்தம் தருகிற லினக்ஸ் எது என்று பார்த்து எடுங்கள்.

பதில் 3

பெரிய நிறுவனம் பின்னால் இருக்கிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ரெட் ஹேட் பின்னால் இருந்த இலவச லினக்ஸான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை திருத்தம் வரும் என்றிருந்தது. 2020 டிசம்பரில் திடீரென்று, 2021 முடிவோடு சரி என்று அறிவித்துவிட்டார்கள். எங்களிடம் பதினோரு சர்வர், எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் மூல நிரலை எடுத்து யாரும் நடத்த உரிமம் இடம் கொடுத்ததால் ராக்கி, அல்மா என்று இரண்டு மாற்று வந்தன, அல்மாவுக்குப் போனோம், நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. மூடிய மென்பொருளைத் தயாரித்தவர் கைவிட்டால் இந்த வழி கிடைக்காது.

அப்புறம், போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 வருடம்தான் திருத்தம் வரும். மேம்படுத்தும் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ரெப்ளிகேஷன் ஸ்லாட் கதையை அப்படியே முதலாளிக்குப் படித்துக் காட்டினேன், ஆதரவுச் சந்தாவுக்கு ஒத்துக்கொண்டார். ராத்திரி இரண்டு மணிக்கும் போனை எடுப்பார்களா, எத்தனை நிமிடத்தில் எடுப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு இரண்டு நிறுவனங்களுக்கு மெயில் போட்டிருக்கிறேன்.

பதில் 1

நல்லது. கையெழுத்துப் போடும் முன் பேக்கப்பிலிருந்து டேட்டாவை வேறொரு மெஷினில் ஒருமுறை மீட்டுப் பாருங்கள், அவர்களையும் கூட வைத்துக்கொண்டு.