சேலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் பி.ஏ. அரசியல் அறிவியல்: தொடரலாமா, மாறிவிடலாமா?

மலைப்பேருந்து:
அண்ணன் அக்காக்களுக்கு வணக்கம். நான் ஏற்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். சேலத்தில் பி.ஏ. அரசியல் அறிவியல், தமிழ் வழி, இப்போது இரண்டாம் செமஸ்டர். வகுப்பில் மொத்தம் பதினொரு பேர், தினமும் வருகிறவர்கள் ஆறேழு பேர்தான். துறைக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் நன்றாக நடத்துவார், இன்னொருவர் வகுப்பு பழைய நோட்டைச் சொல்லச் சொல்ல எழுதுவதிலேயே போய்விடும். போன வாரம் இறையாண்மை பற்றி மூன்று பக்கம் எழுதினேன், ஆனால் அம்மா அப்படின்னா என்ன என்று கேட்டபோது ஒரு வரி சொல்ல வரவில்லை, அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா எஸ்டேட் வேலைக்குப் போகிறார், பி.காம். எடுத்திருக்கலாமே என்கிறார். எனக்கோ பாடம் பிடித்திருக்கிறது. என்ன செய்யட்டும்?

செவ்வாய்ப்பேட்டை வக்கீல்:
தங்கச்சி, மாறாதே. நானும் இதே பாடத்தை ஒன்பது பேர் வகுப்பில் படித்தவன், அப்புறம் மூன்று வருட எல்.எல்.பி. முடித்து இப்போது சேலம் கோர்ட்டில் இருக்கிறேன். ஆறேழு பேர் இருக்கிற வகுப்பில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டால் ஆசிரியர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், அறுபது பேர் வகுப்பில் அது நடக்காது. அந்த நல்ல ஆசிரியரை விட்டுவிடாதே.

இறையாண்மை, அதாவது கடைசி முடிவு எடுக்கும் அதிகாரம், புரியவில்லை என்கிறாய், உன் மலையிலிருந்தே பார். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது, இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பழங்குடியினர் வாழும் இடங்களுக்குத் தனி நிர்வாக முறை தருகிற அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள், அதாவது பட்டியல் பகுதிகள், உள்ள மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. அதனால் பட்டியல் பகுதிகளில் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தருகிற 1996ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் மலைக்கு வராது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மட்டும் வரும், அதிலும் உரிமை கேட்கும் வேலை கிராம சபையிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரே மலை, ஒரே மக்கள், ஒரு சட்டம் நுழைகிறது, இன்னொன்று அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது. ஏன், யார் முடிவு செய்தது என்று கேட்டுக்கொண்டே போனால் உன் மூன்று பக்க நோட்டுக்கு உயிர் வந்துவிடும்.

படிக்கும்போது நான் ஒரு கிராம சபைக்குப் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம், தீர்மானங்களைப் படிக்கும் முன்பே வருகைப் புத்தகம் சுற்றி வந்துவிட்டது, ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பாட்டி மட்டும் 'என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு நோட்டைக் குடு' என்று கேட்டார், உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியே நிமிர்ந்து பார்த்தார்கள். ஊராட்சிகளுக்கும் கிராம சபைக்கும் அரசமைப்பில் இடம் தந்த 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது என்று பரீட்சையில் எழுதியவன் நான், அது எதற்காக வந்தது என்று எனக்குப் புரிந்தது அந்தப் பாட்டியால்தான்.

ஓமலூர் அக்கா:
வக்கீல் தம்பி சொன்னது சரி, ஆனால் சோற்றுக்கு வழி என்ன என்று அந்தப் பெண்ணின் அப்பா கேட்பதும் நியாயம்தான், அதைத் தள்ளிவிட முடியாது. நான் குரூப் 2 எழுதி வேலைக்கு வந்தவள். பாப்பா, நீ ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழிதானா? அப்படியென்றால் டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை உனக்கு உண்டு. படித்த ஒவ்வொரு பள்ளியிலும் அதற்கான சான்றிதழை இந்த விடுமுறையிலேயே வாங்கி வை. கடைசி நேரத்தில் தலைமை ஆசிரியரைத் தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எம்.ஏ., பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வும் எழுதலாம். யு.பி.எஸ்.சி.யில் இதே பாடம் விருப்பப் பாடமாக இருக்கிறது, 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள். நோட்டு மட்டும் போதாது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூல்கள் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றிலிருந்து தொடங்கு. கூடவே தினமும் ஒரு பக்கமாவது ஆங்கிலம் படி. மேலே போகப் போக நல்ல புத்தகங்கள் அதில்தான் அதிகம், நான் அதைத் தாமதமாகத்தான் செய்தேன்.

அம்மாப்பேட்டை:
சேலத்தில் இருந்துகொண்டு இந்தப் பாடத்தைச் சின்னதாக நினைக்காதே அம்மா. ராஜாஜி 1917இல் தலைவராக உட்கார்ந்தது இந்த ஊர் நகராட்சியில். 1937இல் அவர் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததும் சேலம் மாவட்டத்தில்தான். நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944 ஆகஸ்ட் 27, இங்கே நடந்த மாநாட்டில். தமிழ்நாட்டில் நோட்டா பொத்தான் முதன்முதலில் வந்தது 2013 டிசம்பரில் உங்கள் ஏற்காடு இடைத்தேர்தலில். செமினாருக்குத் தலைப்பு தேடினால் இதிலேயே நாலு இருக்கிறது.

மலைப்பேருந்து:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழிதான், திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறேன். ஐந்தாவது அட்டவணை பற்றி இன்று வகுப்பில் கேட்டேன். நல்லா நடத்துவார் என்றேனே, அந்த ஆசிரியரிடம்தான். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம், ஏற்காடு பஸ்ஸையே விட்டுவிட்டேன். ராத்திரி அப்பாவிடம் கிராம சபைக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். ஜனவரி 26 அன்று போய்க் கையெழுத்துப் போட்டாராம், என்ன தீர்மானம் என்று தெரியாதாம். மே 1 அன்று நானும் வரட்டுமா என்றேன். சரி, சேர்ந்தே போகலாம் என்றார்.