கடல் கடந்து வந்த வளர்ந்த நாய்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

ஜோகானஸ்பர்க்கிலிருந்து

வெளிநாட்டிலிருந்து ஒரு வளர்ந்த நாயைத் தத்தெடுத்து இங்கே கொண்டுவர முடியுமா என்று போன வாரம் கோவிலில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். பிரசாத வரிசையில் நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஓர் அனுபவம் இருந்தால், நல்லதோ கெட்டதோ, மறைக்காமல் எழுதுங்கள்.

எங்கள் செவலை சென்னைத் தெருநாய். அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக நான் இரண்டு மாதம் அங்கே தங்கியிருந்தபோது பழக்கமானாள். ஆட்டோ மோதிப் பின்னங்கால் முறிந்து, அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். காதில் கருத்தடை செய்ததற்கான சிறு வெட்டு. பல்லைப் பார்த்து ஐந்து வயது இருக்கும் என்றார் மருத்துவர். மூன்று காலோடு தெருவுக்குத் திரும்பினால் மற்ற நாய்கள் அவளை வாழவிடமாட்டா என்பதால் காப்பகத்திலேயே கிடந்தாள். நான் தினமும் மாலையில் தயிர்சோறு கொண்டுபோவேன். சோற்றைத் தின்றுவிட்டு என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்வாள். ஊர் திரும்பும் நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கே காப்பகங்களில் நாய்களுக்கா பஞ்சம் என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் முதல் நாயே இங்கே தத்தெடுத்ததுதான். படத்தில் அழகாகத் தெரிகிறது என்பதற்காகக் கடல் தாண்டி ஒரு நாயை வரவழைப்பது சரியில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் செவலை எனக்குப் படம் அல்ல. என் வருகைக்காக வாசலில் காத்திருந்த ஓர் உயிர்.

இனி காகித வேலை. நாய்க்கு முதலில் மைக்ரோசிப், பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. தென்னாப்பிரிக்க வேளாண் துறையிடம் இறக்குமதி அனுமதி பெற வேண்டும். அதன் பிறகுதான் உண்மையான சோதனை: பயணத்துக்கு முந்தைய 30 நாட்களுக்குள் ஐந்து நோய்களுக்கு இரத்தப் பரிசோதனை. புருசெல்லா கேனிஸ், டிரிப்பனோசோமா எவான்சி, பபேசியா கிப்சோனி, இதயப்புழு, லெய்ஷ்மேனியா. இந்தப் பெயர்களை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். பபேசியா கிப்சோனி உண்ணி மூலம் பரவுவது. இந்தியத் தெருநாய்களிடம் சர்வ சாதாரணம். செவலைக்கும் இருந்தது. டிக்கெட் வரை போட்டுவிட்ட நிலையில் எல்லாம் நின்றது. மருந்து, காத்திருப்பு, மறுபரிசோதனை என்று ஐந்து மாதம் போயிற்று. ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு முறை இரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். சட்டம் கேட்கும் பரிசோதனை வேறு, இது உங்களுக்காக.

பயணப் பெட்டியிலும் ஒரு சிக்கல். நாங்கள் அமர்த்திய முகவர் அனுப்பிய பெட்டிக்குள் அவளால் தலை நிமிர்ந்து நிற்க முடியவில்லை. நாய் நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் இடம் இருந்தால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். கடைசி நேரத்தில் என் தம்பி வேறு பெட்டி தேடி அலைந்தான். பெட்டியைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, கதவைக் கழற்றி வைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு வையுங்கள். நாயை அதில் அடைப்பது முதன்முதலாக விமான நிலையத்தில் நடக்கக் கூடாது.

வந்து இறங்கியதும் கெம்ப்டன் பார்க்கில் உள்ள அரசுத் தனிமைப்படுத்தும் நிலையத்தில் 14 நாள் இருந்தாள். மொத்தச் செலவில் நல்ல நிலையில் உள்ள பழைய கார் ஒன்று வாங்கியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வருவாள் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். மூன்று நாள் பகலில் எதுவும் தின்னவில்லை. நாங்கள் உறங்கிய பிறகு கொஞ்சம் தின்றிருப்பது காலையில் தெரியும். மாடிப்படி அவளுக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவு தெரியாது. புல்தரையில் கால் வைக்க மறுத்து சிமெண்டு ஓரமாகவே நடந்தாள். ஜூலை மாதக் குளிரில், கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில், ஒரு சென்னை நாய் எப்படி நடுங்கும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். என் பழைய ஸ்வெட்டரின் கைகளை வெட்டிவிட்டு, அதை அவளுக்குப் போட்டுவிட்டேன்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று நாய் மீட்பில் ஈடுபடுகிறவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் அச்சம் சற்றுத் தணியும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் இது தன் இடம் என்று தோன்றும். செவலைக்கு அது ஏழு மாதம் எடுத்தது. அதில் அவள் குறை எதுவும் இல்லை. ஐந்து ஆண்டுகள் ஒரு தெருவைத் தன் தெருவாக வைத்திருந்தவள் அவள். அந்தத் தெருவின் டீக்கடை, குப்பைத்தொட்டி, பகையாளி நாய், சோறு போட்ட பாட்டி எல்லாம் அவளுக்குள் இருக்கின்றன. காப்பாற்றியதற்கு நன்றியை எதிர்பார்த்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அது அவளுக்குப் பாரம். அதை நான் உணர்ந்து, அவளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து கீரை ஆயத் தொடங்கிய பிறகுதான் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். செவலை எதற்கும் காதை அசைக்கவில்லை. ஒரு நாள் அம்மா தொலைபேசியில் பேசும்போது ஒலிபெருக்கியைப் போட்டிருந்தேன். "சாப்பிட்டியாடி?" என்று அம்மா என்னைக் கேட்டார். செவலை எழுந்து வந்து தொலைபேசி முன்னால் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து வீட்டில் அவளிடம் எல்லோரும் தமிழில் பேசுகிறோம். எங்களுக்கு உதவியாக இருக்கும் ஜூலு மூதாட்டியை நாங்கள் கோகோ என்றுதான் கூப்பிடுவோம். ஜூலுவில் பாட்டி என்று பொருள். அவர் நாயை "வோசா" என்று அழைப்பார். வா என்று அர்த்தம். செவலை முதன்முதலாக ஓடிப் போனது அவரிடம்தான். "வோசா"வில் அவளுக்கு "வா" கேட்டிருக்க வேண்டும்.


டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து

மகளே, உன் கதையைப் படித்தபோது என் மனைவி கண் கலங்கிவிட்டாள். நாங்கள் இந்தப் பயணத்தின் மறுமுனையில் இருந்தவர்கள். தத்தெடுத்தது இங்கிலாந்தில் ஒரு குடும்பம். அவர்களுக்காக அந்த நாயைக் காத்து வைத்திருந்தது நாங்கள்.

ஊர்ப்புறங்களில் ஜூலு மக்கள் தலைமுறைகளாக வளர்க்கும் நாய் உண்டு, ஆப்பிரிக்கானிஸ் என்பார்கள். ஒல்லியான உடம்பு, நீண்ட கால், கூர்மையான அறிவு. என் தாத்தா டோங்காட் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் அவரிடமும் அப்படி ஒன்று இருந்ததாக ஆயா சொல்லியிருக்கிறார். நாங்கள் வைத்திருந்தவன் நெடுஞ்சாலை ஓரத்தில் கயிற்றால் கழுத்து அறுபட்டுக் கிடந்தவன். நான்கு வயது இருக்கலாம். வீரா என்று பெயர் வைத்தோம்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு நாயை நினைத்தவுடன் அனுப்பிவிட முடியாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு 30 நாளாவது கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது எதிர்ப்புச் சக்தி இருப்பதாக ஆய்வகம் சொல்ல வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பிரிட்டனில் இறங்குவதற்கு முந்தைய ஐந்து நாட்களுக்குள் நாடாப்புழு மருந்தும் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். ஆக, வீரா எங்களிடம் ஐந்து மாதம் இருந்தான்.

அந்த ஐந்து மாதத்துக்குள் தீபாவளியும் வந்தது, நவம்பர் 5-இல் ஆங்கிலேயர் வழக்கப்படி வெடி வெடிக்கும் கை ஃபாக்ஸ் இரவும் வந்தது. சாட்ஸ்வொர்த்தில் அந்த நாட்களில் வெடிச்சத்தம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வீரா குளியல் தொட்டிக்குள் ஏறி, சிறுநீர் கழித்து, தன் கால்களைத் தானே கடித்துக்கொண்டான். என் மனைவி தொட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்து இரவு முழுவதும் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தாள். அறுபது ஆண்டுகளாக ஆசையோடு பட்டாசு வெடித்தவன் நான். அன்றோடு நிறுத்திவிட்டேன். கோவில் குழுவிலும் இதைப் பேசினேன். விளக்கு ஏற்றினால் போதாதா என்று கேட்டேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். பரவாயில்லை.

காத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாயின் குறைகளை ஒளிக்காதீர்கள். தொப்பி போட்ட ஆண்களைக் கண்டால் வீரா உறுமுவான். அதை எழுதினால் அந்தக் குடும்பம் பின்வாங்கிவிடும் என்று மீட்புக் குழுவில் ஒருவர் சொன்னார். நான் எழுதினேன். அவர்கள் பின்வாங்கவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் தம் தொப்பியை மேசைமேல் வைத்து, அதன் அருகே தினமும் கோழித்துண்டு வைத்துப் பழக்கியதாக எழுதினார்.

புறப்பட்ட நாளில் என் மனைவியின் பழைய நூல்புடவை ஒன்றைத் துவைக்காமல் பெட்டிக்குள் விரித்தோம். அந்தத் துணி இன்னும் அவன் படுக்கையில் இருப்பதைப் படத்தில் பார்த்தோம்.


பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

எங்களுக்கு நடந்தது சுருக்கம்தான், ஆனால் யாருக்கும் நடக்கக் கூடாது. மொரீஷியஸில் என் சித்தி காப்பாற்றிய மூன்று வயது நாயை நாங்கள் எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் மின்கதவு திறந்தபோது கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. அச்சத்தில் இருக்கும் நாய்க்குக் கழுத்துப்பட்டை மட்டும் போதாது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மார்புப்பட்டையும் கழுத்துப்பட்டையும் சேர்த்துப் போட்டு, இரண்டு கயிறு கட்டி, முதல் சில மாதம் அப்படித்தான் வெளியே அழைத்துப் போக வேண்டும்.

ஆறு நாள் தேடினோம். இதில் கொடுமை என்னவென்றால், நாலாம் நாளே யாரோ அதைப் பிடித்து ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் சிப்பைப் படித்திருக்கிறார். எண் வந்திருக்கிறது. ஆனால் அந்த எண் இங்கே எந்தப் பதிவிலும் இல்லை. நாயை இங்கே கொண்டுவந்த பின் சிப் எண்ணை நம் பெயரிலும் தொலைபேசி எண்ணிலும் பதிய வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அங்கிருந்தும் தப்பி ஓடி, கடைசியில் ஒரு கிடங்குக் காவலாளி தன் சாப்பாட்டைப் பகிர்ந்து பிடித்து வைத்திருந்தார். அவர் காலில் விழுந்து கும்பிட்டேன். விமான நிலையத்திலிருந்து வீடு திரும்பும் அன்றே பதிவை மாற்றுங்கள்.


பிரிட்டோரியாவிலிருந்து

நான் கால்நடை மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். ஜோகானஸ்பர்க் அக்கா நோய்களைப் பற்றி எழுதியது மிகச் சரி. ஆனால் அவர் எழுதியது நாய் வெளியிலிருந்து கொண்டுவரக்கூடிய நோய்கள். இங்கே வந்தபின் அதற்குப் பிடிக்கக்கூடிய நோய் ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் பிலியரி என்கிறோமே, அது பபேசியா ரோசி என்ற கிருமியால் வருவது. இந்தியாவில் உள்ள பபேசியா வகைகள் வேறு. அவற்றில் ஒன்று வந்து போயிருந்தாலும் இது நாயை விட்டுவைக்காது. உண்ணி கடித்த ஒன்றிரண்டு வாரத்தில், காலையில் ஓடி விளையாடிய நாய் மாலையில் சுருண்டு படுக்கும். சோறு வேண்டாம் என்னும். உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: ஈறு வெளுத்திருக்கும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகும். நாளை பார்க்கலாம் என்று வைத்திருந்து மூன்றாம் நாள் தூக்கி வருகிறார்கள். அப்போது இரத்தம் ஏற்றினாலும் பல நேரங்களில் காப்பாற்ற முடிவதில்லை. அன்றே வந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

உண்ணி மருந்தை மாதம் தவறாமல் கொடுங்கள். கோடையில் தினமும் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தடவிப் பாருங்கள். ஆட்களைத் தொடவிடாத மீட்பு நாயாக இருந்தால் இது கடினம். அதனால்தான், தொட்டுப் பார்க்க விடுவதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பழக்குங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். உட்கார், கை கொடு என்பதெல்லாம் பிறகு கற்றுக்கொள்ளட்டும்.

அக்கா, செவலைக்கு எந்த உண்ணி மருந்து கொடுக்கிறீர்கள்?


ஜோகானஸ்பர்க்கிலிருந்து

தங்கச்சி, மாதம் ஒரு மெல்லும் மாத்திரை. தயிர்சோற்றுக்குள் உருட்டி வைத்தால்தான் தின்பாள். நீ எழுதியதைப் படித்த உடனே அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்கிறது. பார்க்கவிட்டாள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணா, செவலையின் சிப் எண் இன்னும் என் தம்பியின் சென்னைத் தொலைபேசியோடுதான் இணைந்திருந்தது. ஒன்றரை ஆண்டாக எனக்கு அது தோன்றவே இல்லை. இன்று காலை மாற்றிவிட்டேன்.

டர்பன் ஐயா, உங்கள் வீட்டம்மா வீராவுக்குச் செய்ததைப் போல நானும் செய்து பார்த்தேன். இங்கே கோடை மாலைகளில் இடி இடிக்காத வாரம் இல்லை. நேற்றும் ஆலங்கட்டி மழை. மின்சாரமும் போய்விட்டது. செவலை வழக்கம்போல மேசைக்கு அடியில் போய் நடுங்கினாள். மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சஷ்டி கவசத்தை மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் எனக்கு மறந்துபோயிருந்தது. தெரிந்த வரிகளையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மழை விடுவதற்குள் என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டாள்.