மெர்னெய்த்: ஆட்சியாளர் வரிசையில் இடம் உண்டா?

கேள்வி – நைல்வழி

எகிப்தின் முதலாம் அரச மரபுக்குக் காலவரிசை அட்டவணை ஒன்றைத் தயாரித்து வருகிறேன். கி.மு. 2950ஐ ஒட்டி வாழ்ந்த மெர்னெய்த் என்ற அரசியைச் சில நூல்கள் ஜெத், டென் ஆகிய இரு மன்னர்களுக்கும் இடையில் ஆட்சியாளராகவே குறிப்பிடுகின்றன. வேறு சில நூல்களோ டென் மன்னனின் தாய் என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. அபிடோஸ் நகரில் முதலாம் சேத்தி மன்னன் எழுப்பிய கோயிலில் 76 மன்னர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றிலும் இவர் பெயர் இல்லை. அவர் உண்மையில் ஆட்சி நடத்தினார் என்பதற்கு அவர் காலத்துச் சான்றுகள் எவை, அட்டவணையில் அவரை எங்கே வைப்பது முறையாக இருக்கும் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – மண்முத்திரை

சேத்தியின் பட்டியலை இந்த வழக்கில் சாட்சியாகக் கொள்ள வேண்டாம். அது மெர்னெய்த் காலத்துக்கு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் பிற்பட்டது. மன்னராகவே முடிசூடி ஆண்ட அரசி ஹட்செப்சுட்டின் பெயரையும் விட்டுவிட்ட பட்டியல் அது.

அவர் காலத்துச் சான்றுகளில் முதன்மையானது அவருடைய கல்லறையே. அபிடோசை அடுத்த பாலைநிலத்தில் உம் எல்-காப் என்னுமிடத்தில் முதலாம் மரபின் மன்னர்கள் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். 1900ஆம் ஆண்டு அங்கு அகழாய்வு செய்த பிளிண்டர்ஸ் பெட்ரி, மன்னர்களுடையதைப் போன்றே பெரிய செங்கல் கல்லறையையும், மெர்னெய்த் என்ற பெயர் பொறித்த நினைவுக்கல்லையும் கண்டெடுத்தார். கல்லறையின் அமைப்பைப் பார்த்து, அது இதுவரை அறியப்படாத ஓர் ஆண் மன்னனுடையது என்றே அவர் முடிவு செய்தார். அந்தப் பெயர் ஒரு பெண்ணுடையது என்பது பின்னரே தெளிவாயிற்று. அந்த மன்னர்களின் நடுவே, அவர்களுக்கு இணையான கல்லறையைப் பெற்ற ஒரே பெண் அவர்தான். கல்லறையைச் சுற்றிப் பணியாளர்களுக்கும் அவையினருக்கும் 41 சிறு கல்லறைகள் உள்ளன. இவ்வாறு துணைக் கல்லறைகள் சூழ அடக்கம் செய்யப்படுவது அக்காலத்தில் மன்னர்களுக்குரிய சிறப்பு.

இரண்டாவது சான்று, 1985இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் டென் மன்னனின் கல்லறையில் கண்டெடுத்த களிமண் முத்திரைப் பதிவு. நர்மெர், ஆஹா, ஜெர், ஜெத், டென் எனத் தொடரும் பெயர்களோடு மெர்னெய்த்தின் பெயரும் அதில் இடம்பெறுகிறது. இறந்த மன்னர்களை நினைவுகூரும் பட்டியலில் ஓர் அரசியைச் சேர்த்தார்கள் என்றால், வெறும் அரச குடும்பத்து உறவு மட்டுமே அதற்குக் காரணமாக இருந்திருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

பதில் – வெண்பலகை

மண்முத்திரை அவர்கள் சுட்டிய முத்திரையை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். அதில் ஆண்களின் பெயர்களுக்கு முன்னால் ஹோரஸ் என்ற அரசப் பட்டம் வருகிறது. மெர்னெய்த்துக்கு முன்னால் வருவது ‘அரசனின் தாய்’ என்ற பட்டம். பருந்து அமர்ந்த அரண்மனை முகப்பு வடிவச் சட்டத்துக்குள் பெயரை எழுதுவது அக்கால மன்னர்களின் வழக்கம். அவருடைய நினைவுக்கல்லில் அந்தச் சட்டம் இல்லை. அதே மரபின் இறுதியில் ஆண்ட காஆ மன்னனின் முத்திரை, நர்மெர் முதல் காஆ வரை எட்டு மன்னர்களை வரிசைப்படுத்துகிறது. அதில் மெர்னெய்த் பெயரே இல்லை. மன்னராக முடிசூடிய பெண் எப்படித் தன்னைக் குறித்துக்கொள்வார் என்பதற்குப் பன்னிரண்டாம் மரபின் சோபெக்நெஃபெரு நல்ல எடுத்துக்காட்டு: மன்னர்களுக்குரிய ஐந்து பெயர்களையும் முழுமையாக ஏற்றுக்கொண்டவர் அவர்.

அதனால் ஆட்சிப் பொறுப்பு அவரிடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. டென் இரண்டாம் முறை செத் திருவிழா கொண்டாடியதற்குச் சான்று இருக்கிறது. அந்தத் திருவிழா பொதுவாக நெடுங்காலம் ஆண்ட மன்னர்களுக்கு உரியது. ஆகவே அவன் மிக இளம் வயதிலேயே அரியணை ஏறியிருக்க வேண்டும். மகன் வளரும் வரை தாய் நாட்டை நடத்தினார் என்பதே எல்லாச் சான்றுகளோடும் பொருந்தும் விளக்கம்.

பதில் – கூலக்கிடங்கு

நிர்வாகம் அவர் கையில் இருந்தது என்பதற்கு அண்மைக்கால அகழாய்வு வலுச் சேர்க்கிறது. கிறிஸ்டியானா கோலர் தலைமையிலான ஜெர்மன்-ஆஸ்திரியக் குழு அவருடைய கல்லறையில் நூற்றுக்கணக்கான திராட்சை மது சாடிகளைக் கண்டெடுத்ததாக 2023இல் அறிவிக்கப்பட்டது. சில சாடிகள் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளாக அடைப்புத் திறக்கப்படாமல் இருந்தன. திராட்சை விதைகளும் கெடாமல் கிடைத்தன. கருவூலம் போன்ற மைய அலுவலகங்கள் அவர் பொறுப்பில் இருந்ததை அங்குள்ள எழுத்துகள் காட்டுவதாகக் குழு தெரிவித்தது. பட்டம் எதுவாயினும், வரியும் விளைபொருளும் யாருடைய முத்திரையின்கீழ்க் கிடங்கில் சேர்ந்தன என்பதைக் கொண்டே அதிகாரத்தை அளக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

துணைக் கல்லறைகள் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். அரசி இறந்தபோது பணியாளர்கள் அனைவரும் ஒரே நாளில் பலியிடப்பட்டார்கள் என்ற கதை பரவலாக இருக்கிறது. அக்கல்லறைகள் பல கட்டங்களாகக் கட்டப்பட்டவை என்று இந்த ஆய்வு காட்டுவதால், அந்த முடிவை இனி அவ்வளவு எளிதாக ஏற்க முடியாது.

நைல்வழி

மிக்க நன்றி. தலைநகர் மெம்பிசை அடுத்த சக்காராவிலும் அவருக்கு ஒரு கல்லறை இருப்பதாகப் படித்தேன். இருவேறு இடங்களில் அடக்கம் என்பது எவ்வாறு பொருந்தும்?

பதில் – மண்முத்திரை

வால்டர் எமரி அகழ்ந்த 3503ஆம் எண் கல்லறையைத்தான் குறிப்பிடுகிறீர்கள். மெர்னெய்த்தின் பெயர் கொண்ட பொருள்கள் அங்குக் கிடைத்ததால், சக்காராவே உண்மையான அடக்க இடம், அபிடோசில் இருப்பவை நினைவுச் சின்னங்கள் என்று அவர் வாதிட்டார். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் மன்னர்கள் அபிடோசிலேயே புதைக்கப்பட்டனர் என்றும், சக்காராவின் பெருங்கல்லறைகள் தலைநகர் மெம்பிசின் உயர் அலுவலர்களுடையவை என்றும் கொள்கிறார்கள். அவ்வாறாயின் அந்தப் பெயர், அலுவலர் யாருக்குப் பணி செய்தார் என்பதையே காட்டும்.

வெண்பலகை அவர்கள் பட்டம் பற்றிக் கூறியதை ஏற்கிறேன். அட்டவணையில் ஜெத்துக்கும் டென்னுக்கும் இடையில் அவர் பெயரை மன்னர் எண் தராமல் எழுதி, ‘அரசனின் தாய், டென் இளையவனாக இருந்தபோது ஆட்சி நடத்தியவர்’ என்று அருகில் குறிப்பிடுங்கள். அடிக்குறிப்பில் தள்ளிவிடாதீர்கள், மற்ற பெயர்களுக்கு இட்ட அதே எழுத்தளவில் அவர் பெயரும் இருக்கட்டும்.