அமெரிக்காவில் அரசு வீடு: வேலை நேரம் குறைந்தால் வாடகை குறையுமா?

கேள்வி:
வணக்கம். நானும் இரண்டு பிள்ளைகளும்தான். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை, மணிக்கணக்குச் சம்பளம். கிரீன் கார்டு இருக்கிறது. அரசு வீட்டு உதவியைக் கவனிக்கும் உள்ளூர் அலுவலகமான ஹவுசிங் அத்தாரிட்டியில் மனுப் போடப் போனால் பப்ளிக் ஹவுசிங்கா, வவுச்சரா என்று கேட்கிறார்கள். என்ன வித்தியாசம்? வேலை நேரம் குறைந்த மாதம் வாடகைக்கு என்ன செய்வது?

பதில் 1:
தங்கச்சி, பப்ளிக் ஹவுசிங் என்றால் கட்டடமே ஹவுசிங் அத்தாரிட்டியுடையது. சலுகை அந்த வீட்டோடு சேர்ந்தது, காலி செய்தால் போய்விடும். வவுச்சர் உங்கள் கையோடு வரும். தனியார் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கை ஹவுசிங் அத்தாரிட்டி கட்டும். ஆனால் வீட்டை நீங்கள்தான் தேட வேண்டும். இரண்டுக்கும் பெயர் கொடுங்கள். மனுவுக்குப் பணம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெரும்பாலும், அவர்கள் கணக்கில் கழித்துவிடும் தொகைகள் போக மிஞ்சும் மாத வருமானத்தில் 30 சதவீதம்தான் வாடகை. 2,000 டாலர் என்றால் 600. நேரம் குறைந்து 1,200 ஆனால் 360. ஆனால் அது தானாகக் குறையாது! ஆண்டுக்கு ஒருமுறை வருமானத்தைப் பார்க்கும் மறுபரிசீலனைக்குக் காத்திருக்காமல் உடனே எழுத்தில் கேளுங்கள், சம்பளச் சீட்டை இணையுங்கள். இந்த உச்சவரம்பு 1969-இல் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தத்தால் வந்தது. அப்போது 25 சதவீதம், 1981-இல்தான் 30 ஆக்கினார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். காத்திருப்புப் பட்டியலில் இருந்தபோது வீடு மாறினேன், புது முகவரியைச் சொல்லவில்லை. மாதங்கள் கழித்துப் போய்க் கேட்டால், கோப்பிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினார்கள். என் பெயர்தான். மேலே மஞ்சள் ஒட்டுச்சீட்டு, திரும்பி வந்த கடிதம். பதில் வரவில்லை என்று பெயரை அடித்துவிட்டார்கள். மறுபடி கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். முகவரி, போன் எது மாறினாலும் அன்றைக்கே சொல்லுங்கள், சொன்னதற்கு ஒரு நகல் வாங்கி வையுங்கள்.

பதில் 2:
அக்கா சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன்: கரண்ட் பில்லை நீங்களே கட்டும் வீடு என்றால் அதற்கென ஒரு தொகையை வாடகையில் கழிப்பார்கள். கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி அக்கா. சம்பளம் கூடினால் வெளியே அனுப்பிவிடுவார்களா?

பதில் 1:
கொஞ்சம் கூடினதற்கெல்லாம் அனுப்ப மாட்டார்கள், வாடகைதான் ஏறும். ஆனால் மறைக்காதீர்கள். பின்னால் தெரிந்தால் விட்டுப்போன வாடகையை மொத்தமாகக் கேட்பார்கள். அப்புறம், பப்ளிக் ஹவுசிங்கில் ஃபிளாட் ரென்ட் என்று ஒன்று உண்டு: சம்பளம் ஏறினாலும் மாறாத வாடகை. வருடத்துக்கு ஒருமுறை அதைத் தேர்ந்தெடுக்கலாம். முதலில் மனுவைப் போடுங்கள்.