குளிர்கால விடுமுறைக்கு ஊர் திரும்பாமல் படிக்கப் போன நாட்டிலேயே இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கித்தாக்காடு

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பரிமாற்ற மாணவராகப் போய்வந்தவர்கள் இங்கே சிலர் இருப்பது எனக்குத் தெரியும். ஒரு விஷயம் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. கொட்டிவிடுகிறேன், நீங்களும் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

2015, ஜெர்மனி, யேனா. டிசம்பர் மாத டிக்கெட் விலை எல்லோருக்கும் தெரிந்ததுதான், வந்துபோக வழியில்லை. ஹாஸ்டலில் எங்கள் மாடியே காலி. 24-ஆம் தேதி மதியத்தோடு கடைகள் அடைத்துவிடுவார்கள். 25, 26 பொது விடுமுறை. அந்த வருஷம் பார்த்து 27 ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஞாயிறு என்றாலே கடை கிடையாது. பனியும் இல்லை. அம்மா போனில் ‘பனி எங்கடா, படம் அனுப்பு’ என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். ஜெர்மனியில் 1881-லிருந்து கணக்கு வைத்திருக்கிறார்கள், அத்தனை டிசம்பரிலும் அதுதான் மிகச் சூடானது என்று பிறகு செய்தி வந்தது. நான் அங்கே இருந்த வருஷம் பார்த்து! மரங்கள் மட்டும் மொட்டையாக நின்றன. பிப்ரவரியில் கித்தா (ரப்பர்) மரம் இலை கொட்டி, பால் குறைந்து, அப்பாவின் சம்பளமும் குறையுமே, அந்த நாட்களில் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள், எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது தெரு.

24 சாயங்காலம் அறையில் உட்கார முடியாமல் டிராம் நிறுத்தத்தில் போய் நின்றேன். எங்கே போவது என்று யோசிக்கவில்லை. ஒரு கிழவி வந்தார். கையில் துணி போட்டு மூடிய பாத்திரம். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பாத்திரத்தை பெஞ்சில் வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்து, என் ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடித்து மோவாய் வரை இழுத்துப் பூட்டினார். காலரையும் இரண்டு விரலால் சரி செய்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த டிராமில் ஏறிப் போய்விட்டார்.

ஜெர்மன்காரர்கள் தெரியாதவர்களைத் தொட மாட்டார்கள், அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்குக் குளிரும் இல்லை. என்னிடம் என்னத்தைப் பார்த்தார் அந்த அம்மா?

சடக்கோரம்

தம்பி, ஜிப்பைத் திறந்து போட்டுக்கொண்டு டிசம்பரில் நின்றால் எந்தக் கிழவியும் பூட்டத்தான் செய்வாள். இதில் என்ன மர்மம்?

நான் இருந்தது இங்கிலாந்து. 25-ஆம் தேதி அங்கே நாடு முழுக்க ரயில் ஓடாது, லண்டன் பாதாள ரயிலும் ஓடாது. தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன், ஒரு கடை வாசலில் அட்டை விரித்துப் படுத்திருந்த ஆள் எழுந்து உட்கார்ந்து, ‘இன்றைக்குப் போறதுக்கு உனக்கு இடம் இருக்கா?’ என்று கேட்டான். வீடு இல்லாத அவன் என்னைக் கேட்கிறான். இருக்கிறது என்றேன். ‘அப்ப சரி’ என்று மறுபடி படுத்துக்கொண்டான். அவ்வளவுதான் என் கதை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் அடுத்து கிளம்பும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முதலில் ஹாஸ்டல் விடுமுறைக்குத் திறந்திருக்குமா என்று அக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் பல கல்லூரிகளில் குளிர்கால விடுமுறைக்கு விடுதியைப் பூட்டிவிடுவார்கள், தங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். கடைசி வாரத்தில் பெட்டியோடு நிற்காதீர்கள். ஜாக்கெட்டுக்கு ஈப்போவில் புதுக்கடைக்குப் போய்ப் பணத்தைக் கொட்ட வேண்டாம், பழைய துணி விற்கும் பண்டல் கடையில் ஜப்பான், கொரியாவிலிருந்து வந்த நல்ல ஜாக்கெட் கிடைக்கும். ஆனால் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள், பையைத் திருப்பிப் பாருங்கள், வீட்டுக்கு வந்ததும் துவைத்து வெயிலில் போடுங்கள். உள்ளே பருத்தி பனியன் போடாதீர்கள், வேர்வையை இழுத்து வைத்துக்கொண்டு பிறகு அதுவே குளிரும். மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு போட்டால் வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்ற வசதி. காலணி ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், தடித்த காலுறையோடு இறுக்கமாக இருந்தால் விரல் விறைத்துவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டியாகிவிடும், வாய் குறுகிய போத்தலில் கொண்டுபோனால் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். நல்லெண்ணெய் கொண்டு போங்கள்.

சாப்பாடு: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. ஆகவே அம்மா காய்ச்சிக் கொடுத்த நெய், செருண்டிங் (இறைச்சித் துருவல்) எல்லாம் குப்பைக்குப் போகும். ஆனால் மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. நெத்திலிக் கருவாட்டைத் தைரியமாக எடுத்துப் போகலாம். மிளகாய்த்தூளை இரண்டு பை போட்டு கட்டுங்கள், பெட்டி முழுக்க மணக்கும். ஜன்னல் இல்லாத சமையலறையில் தாளிக்காதீர்கள், தீயணைப்பு வண்டி வந்தால் பில் உங்களுக்குத்தான். இன்னும் நிறைய இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

லயத்துப்பொண்ணு

அண்ணே, உங்கள் கதை மூன்று வரி, அறிவுரை மூன்று பக்கம். நெய் விஷயம் மட்டும் நிஜம், என்னிடம் வாங்கிப் போட்டார்கள்.

நான் பின்லாந்தில், துர்கு. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் நண்பகல் 12 மணிக்கு அந்த ஊர் பழைய சதுக்கத்தில் மாடத்திலிருந்து ‘கிறிஸ்துமஸ் அமைதி’ அறிவிப்பை வாசிப்பார்கள், நாடே டிவியில் பார்க்கும். கூடப் படித்த பெண் தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். அரிசியைப் பாலில் குழையக் காய்ச்சி ஒரு கஞ்சி, அதில் ஒரே ஒரு பாதாம் பருப்பு ஒளித்து வைப்பார்கள். யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். எனக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் சவுனா, சூடான அறையில் வேர்க்க வேர்க்க உட்காரும் குளியல்.

மூன்றரை மணிக்கே இருட்டு. எல்லோரும் கோட் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். எங்கே என்று கேட்டால் கல்லறைக்கு! அங்கே அன்றைக்குப் போகாத குடும்பமே இல்லை போலிருக்கிறது. பனிமேல் ஆயிரக்கணக்கில் மெழுகுவர்த்தி. தோழியின் அப்பா அவருடைய அம்மா கல்லறையில் ஒன்று வைத்துவிட்டு, இன்னொன்றை என் கையில் கொடுத்து ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். வேறு ஊரில் புதைக்கப்பட்டவர்களை நினைப்பதற்கென்றே அந்தக் கல்லறைகளில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ‘உன் ஆட்களுக்கு’ என்றார்.

எங்கள் பாட்டியைத் தோட்டத்துச் சுடுகாட்டில்தான் புதைத்தோம். தோட்டம் விற்றாகிவிட்டது, அங்கே இப்போது தாமான், புது வீடமைப்புப் பகுதி. குழி எந்தப் பக்கம் என்று காட்டக்கூட ஆளில்லை. எங்கள் வீட்டில் அதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. முன்பின் தெரியாத மனுஷர், பனியில் மண்டியிட்டு, காற்று அணைக்காமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, என் பாட்டிக்குத் திரியேற்ற உதவுகிறார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளிக்க வேண்டும் என்றேன். ‘இப்போதுதானே சவுனா முடிந்தது?’ என்று முழித்தார்கள். சுடுகாட்டுக்குப் போய்வந்தால் எங்கள் வழக்கம் என்று சொன்னதும் தோழியின் அப்பா எழுந்து போய் எனக்காக மறுபடி அடுப்பை மூட்டினார்.

பழைய கிராணி

குளித்தது சரி. ஆனால் போனதே தப்பு. பெண்பிள்ளை பொழுது சாய்ந்தபின் சுடுகாட்டுக்கா?

லயத்துப்பொண்ணு

ஐயா, அங்கே பொழுது மூன்றரை மணிக்கே சாய்கிறது. வகுப்புக்கும் போகாமல் இருக்கச் சொல்கிறீர்களா?

ஆறாம் நம்பர் வீடு

என்னுடையதை இதுவரை வெளியே சொன்னதில்லை. 2017 கடைசியில் ஜப்பான், நீகாத்தா பக்கம் தோழியின் வீடு. பல்கலைக்கழகம் இரண்டு வாரம் லீவு. அந்தப் பக்கம் பனி இடுப்பளவு விழும், நெல் விளையும் ஊர். கோத்தாட்சு என்று ஒரு குட்டை மேசை, கீழே சூடு, மேலே மெத்தை, குடும்பமே அதற்குள் காலை நீட்டிக்கொண்டு ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருக்கும். 31 இரவு சோபா நூடுல்ஸ். மறுநாள் மோச்சி, அதாவது பிசுபிசுப்பான அரிசிக் கட்டி, போட்ட சூப். தாத்தாவுக்கு 87 வயது, தொண்டையில் சிக்கிவிடும் என்று அவருக்கு மட்டும் மோச்சியைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக வெட்டிப் போட்டார்கள்.

போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போடக் கொண்டுபோக, எங்கள் வீட்டிலும் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போனவர்கள் உண்டு என்று சொல்லத் தேவையில்லை, உங்கள் வீடுகளிலும் இருந்திருப்பார்கள். கொள்ளுத்தாத்தாவை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்தே ஏற்றிப் போனார்களாம், திரும்பவில்லை. நான் ஜப்பான் போகிறேன் என்றதும் பாட்டி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கொள்ளுத்தாத்தா அவருடைய அப்பா.

தாத்தா எந்த ஊர் என்று கேட்டார். மலேசியா என்றேன். புரியவில்லை. தோழி ‘மலாயா’ என்றாள். அவர் மெதுவாக எழுந்து உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். அதில் அவருடைய அண்ணனின் படம். சீருடையில், ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறார், இருபது வயசுதான் இருக்கும். எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் மரத்தைப் பார்த்தேன். கித்தா. பட்டையில் சரிவாகப் புதுவெட்டு, கீழே கம்பியில் கோப்பை. அந்த மரத்தை அன்றைக்குக் காலையில் யாரோ ஒருத்தர் வெட்டியிருக்கிறார்.

தாத்தா, ‘இது என்ன மரம், உனக்குத் தெரியுமா?’ என்று கேட்டார். இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாது. சொன்னேன். எப்படி வெட்டுவது என்று கையால் காட்டினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அண்ணன் பர்மாவில் செத்துப்போனாராம். நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

சடக்கோரம்

சொல்லியிருக்க வேண்டும். அந்த மேசையிலேயே சொல்லியிருக்க வேண்டும். 1941 டிசம்பர் 8 கோத்தா பாருவில் இறங்கினார்கள், அடுத்த இரண்டு வருஷத்துக்குள் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. தோட்டத்துத் தமிழர்கள் எத்தனை பேர் அங்கே காலராவிலும் பசியிலும் போனார்கள் என்று யாருக்கும் சரியான கணக்கே இல்லை. வெள்ளைக்காரக் கைதிகளுக்காவது காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல் இருக்கிறது. நம் ஆட்களுக்கு? நீங்களும் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

கித்தாக்காடு

87 வயதுக் கிழவர், அண்ணன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். போர் நடந்தபோது அவர் சின்னப் பையன். வருஷப் பிறப்பு அன்று அவரிடம் போய் கணக்குக் கேட்கச் சொல்கிறீர்களா? உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி அப்படிச் செய்தால் விடுவீர்களா?

பழைய கிராணி

என் பெரியப்பா சயாமிலிருந்து திரும்பி வந்தவர். சாகும்வரை அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. ரயில் ஏற மாட்டார், ஈப்போவுக்குக்கூட பஸ்தான். பாப்பா சொல்லாமல் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்று கேட்கிறேன், அந்தப் படத்தை போனில் எடுத்தீர்களா? வெட்டு எந்த உயரத்தில் இருந்தது, எந்தப் பக்கம் சரிந்தது, பின்னால் கட்டடம் ஏதாவது தெரிந்ததா? பழைய ஆட்களிடம் காட்டினால் எந்தத் தோட்டம் என்று சொன்னாலும் சொல்வார்கள்.

சடக்கோரம்

மரத்தை வைத்துத் தோட்டத்தைக் கண்டுபிடிப்பதா? கோலகங்சாரில் 1877-ல் நட்ட மரத்துக்கே வேலி போட்டுப் பலகை மாட்டினால்தான் தெரிகிறது. படம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. நேரே எழுதிக் கேளுங்கள், தோழி மூலமாக. கடிதம் எப்படித் தொடங்குவது என்று வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன். முதலில் நலம் விசாரித்து, அப்புறம்

ஆறாம் நம்பர் வீடு

அண்ணே, நிறுத்துங்கள். படம் இருக்கிறது, ஐயா, உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். வெட்டு இடுப்புக்கும் கீழே, இடமிருந்து வலம் இறங்குகிறது. பின்னால் ஒரு தகரக் கூரை, அதன் ஓரத்தில் மணி மாதிரி ஏதோ தொங்குகிறது. தாத்தா போன வருஷம் தவறிவிட்டார். தோழி மார்ச்சில் கோலாலம்பூர் வருகிறாள், எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்கிறாள், பாட்டி இன்னும் இருக்கிறார். என்ன செய்வது என்று நானே பார்த்துக்கொள்கிறேன், அதுவரை தயவுசெய்து யாரும் புத்தி சொல்லாதீர்கள்.