எழுபதைக் கடந்த பேராசிரியர்கள் ஏன் இடம் விடுவதில்லை?

வைகை:
அமெரிக்காவில் 1993 முடியும்வரை, நிரந்தரப் பதவியில் இருக்கும் பேராசிரியரைப் பல்கலைக்கழகம் 70 வயதில் கட்டாய ஓய்வில் அனுப்பலாம். 1994 முதல் அது முடியாது. அதன்பின் 70, 71 வயதில் ஓய்வு பெறுவோர் வெகுவாகக் குறைந்துவிட்டதைப் பொருளியலாளர்கள் ஆஷன்ஃபெல்டரும் டேவிட் கார்டும் 2002இல் ஆய்வு செய்து காட்டினார்கள். முனைவர் பட்டம் முடித்துத் தற்காலிக ஆய்வாளராகக் காத்திருக்கும் என் போன்றவர்களுக்கு விசாக் கெடு கழுத்தை நெரிக்கிறது. அவர்களுக்கோ கெடுவே இல்லை. இதைச் சுயநலம் என்றுதான் சொல்வேன்.

தாமிரபரணி:
அம்மா, எனக்கு வயது 71. உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். 66 வயதில் ஒரு மாணவரைச் சேர்த்தால் அவர் பட்டம் பெற ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். நடுவழியில் விட்டுவிட்டு எப்படிப் போவது? ஓய்வு பெற்றால் ஆய்வுக்கூடத்தைக் காலி செய்ய வேண்டும். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் ஈஸ்ட் மாதிரிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மூடிகளில் பழைய மாணவர்களின் கையெழுத்து, பாதி அழிந்துவிட்டது. எது எங்கே என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

நான் போனால் அந்த இடம் உங்களுக்குத்தான் வரும் என்று யார் சொன்னது? எங்கள் துறையில் கடைசியாக ஓய்வு பெற்றவரின் வகுப்புகளை இன்று பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தத்தில் வருபவர்கள் எடுக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
பணத்தை விட்டுவிட்டீர்களே. இங்கே பலருக்கு மாதாமாதம் வரும் உறுதியான ஓய்வூதியம் கிடையாது. சேமிப்புக் கணக்கில் சேர்ந்ததுதான். 2008இல் பங்குச்சந்தை சரிந்தபோது அந்தக் கணக்குகளும் சுருங்கின. 35 வயதுக்கு மேல் வேலைக்குச் சேர்ந்த நம்மவர்களுக்குச் சேமிக்கக் கிடைத்த ஆண்டுகளும் குறைவு. மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீடு 65 வயதானவருக்குத்தான், வயதில் இளைய மனைவிக்கு அல்ல.

வைகை:
சேமிப்பு போதாதவர் தொடரட்டும் அண்ணா, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தாமிரபரணி ஐயா சொல்லும் காரணம் என்றைக்கும் தீராது. ஒரு மாணவர் முடிக்கும் முன்பே அடுத்தவரைச் சேர்த்துக்கொண்டால் ஓய்வு எப்போது வரும்? மாதிரிகளைப் பட்டியலிடும் வேலையை இன்றே தொடங்கலாமே.

கரிசல்:
லித்தியம் பேட்டரியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் குட்இனஃப் அறுபதைக் கடந்த வயதில், ஆக்ஸ்போர்டின் கட்டாய ஓய்வுக்கு ஆட்படாமல் 1986இல் டெக்சாஸ் வந்தார். 97 வயதில் நோபல் பரிசு பெற்றார்.

வைகை:
நோபல் குழு எடுத்துச்சொன்ன கோபால்ட் ஆக்சைடு மின்முனை 1980இல் ஆக்ஸ்போர்டில் உருவானது. அப்போது அவருக்கு அறுபதுகூட ஆகவில்லை.

கரிசல்:
இரும்பு பாஸ்பேட் மின்முனை? அந்தக் கட்டுரை 1997இல் டெக்சாஸிலிருந்து வந்தது, அப்போது அவருக்கு 74. இன்று எத்தனையோ மின்வாகனங்கள் அந்த வகை பேட்டரியில் ஓடுகின்றன. அங்கே அவரோடு உழைத்த நம்மூர் ஆறுமுகம் மந்திரம்தான் 2019இல் அவர் சார்பில் நோபல் உரை நிகழ்த்தினார். முதியவர் இருந்ததால் இளையவர் கெட்டுப்போகவில்லை.

வைகை:
ஒரு மேதையைக் காட்டி எல்லோருக்கும் சட்டம் எழுத முடியாது. தாமிரபரணி ஐயா, ஓய்வு பெறும் தேதியை எழுத்தில் கொடுங்கள். பதிலுக்கு, அந்த இடத்தில் நிரந்தர ஆசிரியரையே நியமிப்போம் என்று டீனிடம் எழுத்தில் வாங்குங்கள். அதைக் கேட்கும் செல்வாக்கு உங்களுக்குத்தான் இருக்கிறது, எங்களுக்கு இல்லை.

தாமிரபரணி:
கேட்டேன். நிதிநிலையைப் பார்த்துச் சொல்வதாகப் பதில் வந்தது. அந்த உறுதி எழுத்தில் கிடைத்தால் மறுநாளே தேதி கொடுத்துவிடுகிறேன். அதுவரை நகரமாட்டேன்.

வைகை:
அந்தக் கடிதத்தை என் போன்ற ஆய்வாளர்களும் சேர்ந்து கேட்கிறோம் ஐயா. மனுவில் உங்கள் கையெழுத்து முதலில் இருக்கட்டும்.